லாக்புக்கில் ஆறு அப்ரோச்: பறப்பது, எண்ணுவது, எழுதுவது

சில வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மறுநாள் மேகத்துக்குள் போக வேண்டியிருந்த ஒரு பயணத்துக்காக என் லாக்புக்கைத் (பறந்ததை எழுதி வைக்கும் ஏடு) திறந்து கடைசி ஆறு மாதத்தில் செய்த அப்ரோச்சுகளை, அதாவது கருவிகளை மட்டும் பார்த்து ரன்வேயை நோக்கி இறங்கியவற்றை, எண்ணினேன். ஒரு வரியில் 'அப்ரோச் 3' என்று மட்டும் இருந்தது. எந்த ஊர், எந்த ரன்வே, தரையிலிருந்து வரும் ரேடியோ அலையை வைத்து இறங்கும் ஐஎல்எஸ்ஸா, ஜிபிஎஸ்ஸை வைத்து இறங்கும் ஆர்நாவா, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார், ஒன்றுமே இல்லை. பறந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது, மூக்கில் ஃபாகிள்ஸ் (வெளிப் பார்வையை மறைக்கும் பயிற்சிக் கண்ணாடி) அழுத்திய தடம் வரை நினைவிருந்தது, ஆனால் விதி எழுத்தைத்தான் கேட்கிறது. விதிக்கு ஆறு வேண்டும், அந்த மூன்றைக் கழித்தால் கையில் நான்குதான் மிச்சம். பயணத்தைத் தள்ளிப்போட்டேன்.

அன்றிலிருந்து இதை ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொண்டேன். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் நம்பி மேகத்துக்குள் பறப்பதற்கான தகுதி) வாங்கியிருக்கும் அல்லது வாங்கப் போகும் தமிழ் பைலட் நண்பர்கள் அமெரிக்காவில் நிறையப் பேர் இருக்கிறார்கள், இதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், அதனால் முழுசாக எழுதி வைக்கிறேன். இது அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏவின் லைசென்ஸுக்கான வழி. இந்திய டிஜிசிஏ லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு முறையே வேறு, இதை அங்கே கொண்டுபோய்ப் பொருத்த வேண்டாம்.

விதி கேட்பது என்ன

61.57 என்ற விதியின் 'சி' பிரிவு மூன்று விஷயம் கேட்கிறது. ஒன்று, ஆறு இன்ஸ்ட்ருமென்ட் அப்ரோச். இரண்டு, ஹோல்டிங், அதாவது ஓரிடத்தில் சுற்றிக்கொண்டே காத்திருப்பது. மூன்று, நேவிகேஷன் கருவிகளை வைத்து ஒரு கோர்ஸை, அதாவது குறித்த பாதையை, பிடித்து அதன்மேல் தொடர்ந்து போவது. இதையெல்லாம் நிஜ மேகத்திலோ, வெளியே பார்வையை மறைக்கும் ஹூட் போட்டுக்கொண்டோ செய்திருக்க வேண்டும், செய்ததை லாக் செய்திருக்கவும் வேண்டும். இது இருந்தால்தான் ஐஎஃப்ஆரில் (கருவிகளை வைத்துப் பறக்கும் விதிகள்), அல்லது விஎஃப்ஆருக்கு (கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிகள்) வேண்டியதைவிட மோசமான வானிலையில், நீங்கள் பைலட்-இன்-கமாண்டாக, அதாவது விமானத்துக்குப் பொறுப்பான பைலட்டாக, இருக்க முடியும். பைலட்கள் பேச்சில் இதைத்தான் கரன்சி என்கிறோம்.

எத்தனை ஹோல்டிங் என்று விதி சொல்லவில்லை. எந்த வகை அப்ரோச் என்றும் சொல்லவில்லை. ஒரே மதியத்தில், ஒரே ஊரில், ஒரே ஐஎல்எஸ்ஸை ஆறு தடவை ஆட்டோபைலட்டில் பறந்தாலும் சட்டப்படி செல்லும். அப்படிச் செய்தவரை நம்பி நான் என் வீட்டு ஆட்களை மேகத்துக்குள் அனுப்ப மாட்டேன், ஆனால் சட்டப்படி செல்லும். இந்த இடைவெளியை நாமேதான் நிரப்ப வேண்டும், விதி நமக்காக நிரப்பாது.

முதல் படி: மாதத்தை எண்ணுங்கள்

நிறையப் பேர் தடுமாறும் இடம் இதுதான். ஆறு மாதம் என்றால் 180 நாள் இல்லை, காலண்டர் மாதம். நீங்கள் பறக்கும் மாதத்துக்கு முந்தைய ஆறு முழு மாதங்களைப் பார்க்க வேண்டும், நடப்பு மாதத்தில் இதுவரை செய்ததும் சேரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிப்ரவரி 20-ஆம் தேதி மூன்று அப்ரோச்சும் ஒரு ஹோல்டிங்கும் செய்தீர்கள். ஏப்ரலில் இரண்டு, ஜூலையில் ஒன்று. ஆகஸ்ட் 31 அன்று பறந்தால் பிப்ரவரி முதல் ஜூலை வரை ஆறு மாதம், ஆறு அப்ரோச்சும் கணக்கில் நிற்கிறது, நீங்கள் கரன்ட். மறுநாள், செப்டம்பர் 1, பிப்ரவரி மாதம் மொத்தமாக அந்த ஆறு மாத ஜன்னலை விட்டு வெளியே போய்விடுகிறது. அப்ரோச் மூன்றாகக் குறைகிறது, ஒரே ஹோல்டிங்கும் பிப்ரவரியோடு போய்விட்டது. ஒரே ராத்திரியில் கரன்சி போய்விட்டது, விமானத்தைத் தொடவே இல்லை.

அதனால் நான் ஒவ்வொரு மாதமும் 25-ஆம் தேதி ஃபோனில் ஒரு அலாரம் வைத்திருக்கிறேன். அன்று ஒரே கேள்வி: இந்த மாதம் முடிந்ததும் எது ஜன்னலை விட்டு விழப்போகிறது? ஃபோர்ஃப்ளைட், மைஃப்ளைட்புக் போன்ற எலக்ட்ரானிக் லாக்புக்குகள் இதைத் தானே கணக்குப் போட்டுச் சொல்லும், ஆனால் நீங்கள் உள்ளே சரியாகக் கொடுத்தால்தான் சரியாகச் சொல்லும், ஹோல்டிங் கட்டத்தில் டிக் போட மறந்தால் அதற்குத் தெரியாது.

இரண்டாம் படி: பக்கத்தில் யார்

ஹூட் போட்டுப் பறக்க சேஃப்டி பைலட், அதாவது உங்களுக்காக வெளியே பார்க்கும் இன்னொரு பைலட், கட்டாயம். 91.109 விதிப்படி அவருக்கு அந்த விமானத்தின் வகைக்கும் கிளாஸுக்கும் பொருந்தும் ரேட்டிங்கோடு குறைந்தது பிரைவேட் பைலட் லைசென்ஸ் இருக்க வேண்டும், முன்னாலும் இரு பக்கமும் அவருக்குப் பார்வை தெளிவாக இருக்க வேண்டும். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் அவருக்குத் தேவையில்லை. மெடிக்கல் (உடல் தகுதிச் சான்று) தேவை, ஏனென்றால் அவர் அந்த நேரத்துக்குக் கட்டாயக் குழு உறுப்பினர். பேசிக்மெட் என்ற எளிய மருத்துவத் தகுதி மட்டும் வைத்திருப்பவர் முன்பெல்லாம் பைலட்-இன்-கமாண்டாக இருந்தால்தான் இந்த இருக்கையில் உட்காரலாம் என்று இருந்தது, 2022 டிசம்பரிலிருந்து அந்தத் தடை நீங்கிவிட்டது.

இஞ்சின் ஓடுவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டிய ஒரு விஷயம்: இன்றைக்கு பைலட்-இன்-கமாண்ட் யார்? உங்கள் கரன்சி போய்விட்டிருந்தால், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், நீங்கள் கமாண்டாக இருந்து ஐஎஃப்ஆர் கிளியரன்ஸ் (கன்ட்ரோலரின் அனுமதி) வாங்க முடியாது. ஒன்று விஎஃப்ஆரிலேயே பயிற்சி அப்ரோச் கேட்க வேண்டும், அல்லது பக்கத்தில் இருப்பவர் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் கரன்சியும் உள்ளவராக இருந்து அவர் கமாண்டாக இருக்க வேண்டும். 'வெயில் அடிக்கிறதே, ஐஎஃப்ஆர் பிளான் ஃபைல் பண்ணினால் என்ன' என்று நினைத்து இதில் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

அவர் எழுதிக்கொள்ளும் நேரமும் இதைப் பொறுத்ததுதான். கமாண்ட் அவர் என்று ஒப்புக்கொண்டால் நீங்கள் ஹூட் போட்டிருக்கும் நேரத்தை அவர் பிஐசி (பைலட்-இன்-கமாண்ட்) நேரமாக எழுதலாம், இல்லையென்றால் எஸ்ஐசி (இரண்டாம் பைலட்). விமானத்தை ஓட்டும் நீங்கள் எப்படியும் பிஐசி எழுதலாம். ஆனால் அவர் எழுதுவது ஹூட் போட்டிருந்த நேரத்துக்கு மட்டும், டாக்ஸி நேரமெல்லாம் சேராது.

அப்புறம், கன்ட்ரோலை மாற்றும் வார்த்தை. 'என் கன்ட்ரோல்' என்று அவர் சொன்னால் நான் கையை எடுத்துவிடுவேன், காரணம் பிறகு கேட்பேன். இதைத் தரையிலேயே சொல்லி வையுங்கள். கண்ணை மூடிய மாதிரி பறந்துகொண்டிருக்கும்போது எதிரே இன்னொரு செஸ்னா வந்தால், விவாதிக்க நேரம் இருக்காது.

மூன்றாம் படி: சுற்றைப் போடுங்கள்

நான் பறப்பது சான் ஃப்ரான்சிஸ்கோ வளைகுடாவுக்குக் கிழக்கே. லிவர்மோரில் கிளம்பி, ஸ்டாக்டனில் ஐஎல்எஸ் 29 ரைட் (29 ரைட் என்பது ரன்வேயின் பெயர்), அங்கிருந்து மொடெஸ்டோவில் ஆர்நாவ் 28 ரைட், திரும்பி வந்து லிவர்மோரில் ஐஎல்எஸ் 25 ரைட். நடுவில் ஒரு ஹோல்டிங். அவசரப்படாமல் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஒரு சுற்றில் மூன்று அப்ரோச், இரண்டு சுற்றில் ஆறு. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு முக்கோணம் இருக்கும், வரைபடத்தில் தேடுங்கள். மூன்று ஊர், குறைந்தது இரண்டு வகை அப்ரோச், அதில் ஒன்றாவது பழகாத இடமாக இருந்தால் நல்லது.

ஆறையும் ஒரே நாளில் அடைத்து முடிக்காதீர்கள். நான்காவது அப்ரோச்சில் மூளை களைத்துவிடும், ஊசிகள் கண்ணில் படும் ஆனால் மண்டையில் ஏறாது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு மூன்று என்று பிரித்தால், எந்த மாதம் விழுந்தாலும் பின்னால் கொஞ்சம் மிச்சம் நிற்கும், கையும் துருப்பிடிக்காது.

ஹோல்டிங் பற்றி ஒரு வார்த்தை. ஆர்நாவ் அப்ரோச்சின் தொடக்கத்தில் திரும்பி வருவதற்காக ஒரு சுற்றுப் பாதை வரைந்திருப்பார்கள், அதை ஒரு தடவை சுற்றிவிட்டு ஹோல்டிங் என்று எழுதுபவர்கள் உண்டு. அது போதுமா போதாதா என்று சண்டை போடுவதைவிட, கன்ட்ரோலரிடம் கேட்டு உருப்படியாக இரண்டு சுற்று சுற்றிவிடுங்கள். எந்த முறையில் நுழைவது என்று யோசித்து, காற்றுக்குத் திருத்தி, உள்ளே வரும் நேர்ப்பகுதி ஒரு நிமிடம் வருகிறதா என்று பார்த்து. ஜிபிஎஸ் திரையில் பாதையை அதுவே வரைந்து காட்டுவதால், இந்தக் கணக்குதான் முதலில் மறந்துபோகிறது.

நான்காம் படி: ரேடியோவில் கேட்பது

விஎஃப்ஆரில் போகிறீர்கள் என்றால் முதல் அழைப்பிலேயே நான்கு விஷயம் சொல்லுங்கள்: எங்கே இருக்கிறீர்கள், எந்த அப்ரோச், எத்தனை, கடைசியில் என்ன செய்யப் போகிறீர்கள். தரையிறங்கி நிற்பதா, தொட்டுக் கிளம்புவதா, லோ அப்ரோச்சா (தொடாமல் தாழப் பறந்து போவது), மிஸ்டா (இறங்காமல் சார்ட்டில் வரைந்த வழியில் ஏறிப் போவது). அந்தக் கடைசியை விட்டுவிட்டால் கன்ட்ரோலர் எப்படியும் கேட்பார், நீங்கள் ஊசியைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துக் கேட்பார்.

முக்கியமான இன்னொன்று. விஎஃப்ஆரில் பயிற்சி அப்ரோச் கிடைத்தது என்பதற்காக, சார்ட்டில் போட்டிருக்கும் மிஸ்ட் அப்ரோச்சைத் தானாகப் பறக்க அனுமதி கிடைத்ததாக அர்த்தம் இல்லை. அதைத் தனியாகக் கேட்க வேண்டும், அவர் தனியாக அனுமதிக்க வேண்டும். கேட்காமல் வழக்கம்போல ஏறித் திரும்பினால் அவர் உங்களை எதிர்பார்க்காத இடத்தில் நிற்பீர்கள். அவர் 'விஎஃப்ஆரிலேயே இருங்கள்' என்று சொன்னால் மேகத்திலிருந்து விலகி இருப்பது உங்கள் பொறுப்பு, ஹூட் போட்டிருப்பதால் நடைமுறையில் அது சேஃப்டி பைலட்டின் கண். வேலை அதிகம் இருந்தால் முடியாது என்பார், அப்போது அடுத்த ஊருக்குப் போங்கள், கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

ஐந்தாம் படி: எது ஒரு அப்ரோச்சாக எண்ணப்படும்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். 2015 செப்டம்பரில் எஃப்ஏஏ ஒரு தகவல் அறிக்கை வெளியிட்டது, எண் 15012. எதை எண்ணலாம், எதை எண்ணக்கூடாது என்ற பழைய குழப்பத்துக்கு அதில்தான் பதில் கிடைத்தது.

முதலில், அப்ரோச்சை அதன் தொடக்கத்திலிருந்து வரிசையாகப் பறக்க வேண்டும், நடுவில் குதித்து ஏறக்கூடாது. கன்ட்ரோலர் ரேடார் வெக்டர் கொடுத்து, அதாவது திசை சொல்லி, இறுதிப் பாதையில் கொண்டுவந்து சேர்த்தால் அது சரி, எண்ணலாம். அடுத்தது, ஹூட் போட்டுப் பறந்தால் கடைசி உயரம் வரை, அதாவது ரன்வே தெரியாமல் அதற்குக் கீழே இறங்கக்கூடாத டிஏ அல்லது எம்டிஏ வரை, ஹூட் முகத்திலேயே இருக்க வேண்டும். சாதாரண ஐஎல்எஸ்ஸில் அது தரையிலிருந்து சுமார் 200 அடி.

அந்த 200 அடிக்கு வரும் கடைசி ஒரு நிமிடம்தான் எல்லாமே. லிவர்மோரின் 25 ரைட்டுக்கு வரும்போது ஆல்டமான்ட் மலைகளுக்கு மேலே கோடை மதியத்தில் காற்று விமானத்தைக் கீழிருந்து தள்ளும், காற்றாலைகள் கீழே சுற்றிக்கொண்டிருக்கும், எனக்கு அது தெரியாது, எனக்குத் தெரிவது இறங்கும் சரிவைக் காட்டும் கிளைட்ஸ்லோப் ஊசி ஒரு புள்ளி கீழே போவது மட்டும். மூக்கைக் கொஞ்சம் கீழே. ஊசி திரும்பி வருகிறது. அதற்குள் ரன்வேயின் நேர்க்கோட்டைக் காட்டும் லோகலைசர் ஊசி இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. இரண்டு டிகிரி திருத்தம், அதற்கு மேல் வேண்டாம். 700 அடி, 500 அடி, ஊசி இப்போது குட்டி அசைவுக்கும் பெரிதாக ஓடுகிறது, ஏனென்றால் அலைகள் ரன்வேயை நெருங்க நெருங்கக் குறுகுகின்றன. இந்த நேரத்தில் 500 அடியிலேயே ஹூட்டைக் கழற்றிவிட்டால் நீங்கள் பயிற்சி செய்ய வந்த பகுதியையே விட்டுவிட்டீர்கள். எண்ணவும் முடியாது.

தரையிறங்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த உயரத்துக்கு வந்து திரும்ப ஏறிப் போனாலும் அது ஒரு அப்ரோச்தான்.

நிஜ மேகத்தில் கணக்கு கொஞ்சம் வேறு. இறுதிக் கட்டத்துக்குள் மேகத்தில் இருந்து, அந்தக் கட்டத்திலேயே கடைசி உயரத்துக்கு முன்போ அங்கேயோ வெளியே வந்தால் எண்ணலாம். கடைசி உயரம் வரை மேகம் இருக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் இறுதிக் கட்டம் தொடங்குவதற்கு முன்பே மேகத்தை விட்டு வெளியே வந்து ரன்வே கண்ணில் தெரிந்தால், ஹூட் போடாமல் அதை எண்ண முடியாது. கோடைக் காலையில் மான்டரே, வாட்சன்வில் பக்கம் கடலிலிருந்து ஒரு மெல்லிய மேகப் படுகை வந்து கிடக்கும், அதில் இறங்கி வெளியே வருவது நல்ல பயிற்சி, பயமுறுத்தாத நிஜம். குளிர்காலத்தில் நடுப் பள்ளத்தாக்கை மூடும் தூலே மூடுபனி அப்படி இல்லை, அது தரையோடு ஒட்டிக் கிடக்கும், இறங்க இடமே இருக்காது, அங்கே பயிற்சிக்குப் போகாதீர்கள்.

விஷுவல் அப்ரோச் (ரன்வேயைக் கண்ணால் பார்த்து இறங்குவது) எண்ணப்படாது. கான்டாக்ட் அப்ரோச்சும் (தரையைக் கண்ணால் பார்த்துக்கொண்டு போவது) எண்ணப்படாது. கன்ட்ரோலர் கொடுத்தார் என்பதால் அது இன்ஸ்ட்ருமென்ட் அப்ரோச் ஆகிவிடாது.

ஆறாம் படி: எழுதுவது

61.51 விதி ஒவ்வொரு அப்ரோச்சுக்கும் இடமும் வகையும் கேட்கிறது, சேஃப்டி பைலட் தேவைப்பட்டிருந்தால் அவர் பெயரும். காகித லாக்புக்கில் அப்ரோச் கட்டம் விரல் நகம் அளவுதான் இருக்கும், அதில் '3' என்று மட்டும்தான் எழுத முடியும், மற்றதைக் குறிப்புக் கட்டத்தில் எழுத வேண்டும். என் வரி இப்போது இப்படி இருக்கும்:

'லிவர்மோர், ஸ்டாக்டன், மொடெஸ்டோ, லிவர்மோர். ஹூட் 1.3 மணி. அப்ரோச் 3: ஸ்டாக்டன் ஐஎல்எஸ் 29 ரைட், மொடெஸ்டோ ஆர்நாவ் 28 ரைட், லிவர்மோர் ஐஎல்எஸ் 25 ரைட். ஹோல்டிங் 2 சுற்று, மொடெஸ்டோ மிஸ்டில். கோர்ஸ் பிடித்தல், தொடர்தல். சேஃப்டி பைலட்: முழுப் பெயர்.'

அதன் கீழே விதி கேட்காத ஒரு வரி சேர்க்கிறேன்: 'முதல் ஐஎல்எஸ் கையால், நன்று. ஆர்நாவில் ஒரு ஸ்டெப்-டவுன் (படிப்படியாக இறங்கும் உயரங்களில் ஒன்று) தவறவிட்டேன், 120 அடி கீழே. மூன்றாவது ஆட்டோபைலட்.' ஒரு வருடம் கழித்துத் திருப்பிப் பார்க்கும்போது நான் எங்கே பலவீனமாக இருந்தேன் என்று சொல்வது இந்த வரிதான். ஆறு அப்ரோச் என்ற எண் எனக்கு அதைச் சொல்லாது.

'கோர்ஸ் பிடித்தல், தொடர்தல்' என்பதை ஏன் தனியாக எழுத வேண்டும், அப்ரோச் பறந்தாலே அது நடந்துவிடுமே என்று கேட்கலாம். நடந்துவிடும்தான். ஆனால் விதியில் அது தனிச் சொல், எழுதிவிட்டால் யாரும் கேள்வி கேட்க இடமில்லை, பேனா மை செலவு அவ்வளவுதான்.

நேரக் கட்டங்களைக் கலக்காதீர்கள். நிஜ மேகத்தில் இருந்தது 'ஆக்சுவல்', ஹூட் போட்டது 'சிமுலேட்டட்'. ஐஎஃப்ஆர் பிளானில் இரண்டு மணி நேரம் வெயிலில் பறந்தால் இன்ஸ்ட்ருமென்ட் நேரம் சுழியம். நிலவில்லாத இரவில், கீழே ஒரு விளக்கும் இல்லாத கடல்மேல் போனால் மேகமே இல்லாவிட்டாலும் ஆக்சுவல் எழுதலாம் என்று எஃப்ஏஏ 1984-இல் ஒரு விளக்கக் கடிதத்தில் சொல்லியிருக்கிறது, ஏனென்றால் அங்கே அடிவானம் இல்லை, கருவிகளை மட்டும் நம்பித்தான் பறக்க முடியும்.

எழுதுவதை அன்றைக்கே முடியுங்கள், விமானத்தைக் கட்டிவைத்துவிட்டு, சேஃப்டி பைலட் இன்னும் பக்கத்தில் நிற்கும்போதே. நான்கு நாள் தள்ளினால் 1.3 ஆ 1.6 ஆ என்று ஊகிக்க ஆரம்பிப்பீர்கள். ஊகித்து எழுதுவதும், பறக்காததை எழுதுவதும் ஒரே வழியில் கொண்டுபோய் விடும். பொய்யாக எழுதியது நிரூபணமானால் லைசென்ஸே போய்விடலாம். எழுதி முடித்த பக்கத்தை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள்.

சிமுலேட்டரில் செய்தால்

செய்யலாம், ஆனால் எஃப்ஏஏ அங்கீகாரக் கடிதம் உள்ள கருவியாக இருக்க வேண்டும். பல பயிற்சிப் பள்ளிகளில் இருக்கும் ரெட்பேர்ட் போன்றவை அந்த வகை. வீட்டுக் கணினியில் ஓடும் விளையாட்டுச் சிமுலேட்டர் கையை அசைத்துப் பார்க்க நல்லது, கரன்சிக்கு ஆகாது. முன்பு சிறிய பயிற்சிக் கருவிகளுக்கு இரண்டு மாதத்துக்குள் என்று தனிக் கெடு இருந்தது, கூடவே பயிற்றுநரும் இருக்க வேண்டியிருந்தது. 2018 நவம்பரில் அது மாறி, இப்போது விமானத்தைப் போலவே அதே ஆறு மாதம், அதே மூன்று வேலை, தனியாகவே உட்கார்ந்து செய்யலாம். லாக்புக்கில் கருவியின் வகையும் அடையாளமும் எழுதுங்கள், விமான நேரத்தோடு சேர்க்காதீர்கள். மழை நாட்களில் வாடகை விமானத்தைவிட இது மிகவும் மலிவு, தோல்விகளைப் பயிற்சி செய்யவும் இதுதான் இடம்: சில கருவிகளை இயக்கும் வேக்குவம் பம்ப் போவது, திரை அணைவது, இதையெல்லாம் வானத்தில் முதல் தடவை பார்க்கக் கூடாது.

கரன்சி போய்விட்டால்

பதற வேண்டாம். கரன்சி போன நாளிலிருந்து ஆறு காலண்டர் மாதம் உங்களுக்கு அவகாசம் உண்டு. அதுவரை சேஃப்டி பைலட்டோடு, அல்லது சிமுலேட்டரில், குறைந்ததை நீங்களே நிரப்பிக்கொள்ளலாம். மேலே சொன்ன கணக்கையே எடுங்கள்: செப்டம்பர் 1 அன்று போனது. ஏப்ரலில் செய்த இரண்டும் ஜூலையில் செய்த ஒன்றும் செப்டம்பரில் இன்னும் ஜன்னலுக்குள்தான் இருக்கின்றன, அதனால் மூன்று அப்ரோச்சும் ஒரு ஹோல்டிங்கும் செய்தால் போதும், ஒரு சுற்றில் முடிந்தது. பிப்ரவரி கடைசி வரை இந்த வழி திறந்திருக்கும், ஆனால் தள்ளத் தள்ள ஏப்ரலும் விழும், ஜூலையும் விழும், ஆறையும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும்.

மார்ச் 1 ஆகிவிட்டால் ஐபிசி (இன்ஸ்ட்ருமென்ட் திறன் சோதனை) ஒன்றுதான் வழி. அங்கீகாரம் உள்ள இன்ஸ்ட்ருமென்ட் பயிற்றுநரோ தேர்வாளரோ உங்களைச் சோதித்து லாக்புக்கில் கையெழுத்துப் போட வேண்டும். அது முடிந்ததும் ஆறு அப்ரோச் இல்லாவிட்டாலும் நீங்கள் மறுபடி கரன்ட். என்னைக் கேட்டால், கரன்சி போகாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை ஐபிசி செய்துவிடுங்கள். நண்பர் பக்கத்தில் இருந்தால் நம் தப்பை மென்மையாகச் சொல்வார், சில சமயம் சொல்லவே மாட்டார். நல்ல பயிற்றுநர் ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டு, திரையில் ஒரு பாதியை மூடிவிட்டு, 'இப்போது ஹோல்ட் பண்ணுங்கள்' என்பார். போன வருடம் எனக்கு அப்படித்தான் நடந்தது, முதல் நுழைவிலேயே எதிர்ப்பக்கம் திரும்பினேன், அதையும் அப்படியே லாக்புக்கில் எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த மூன்று பயிற்சிப் பறத்தலிலும் முதல் வேலை ஹோல்டிங்தான் என்று அதன் பக்கத்திலேயே குறித்திருக்கிறேன்.